ஐயா "போ" என்றால் என்ன செய்வது?

அரசு ஜீப்பில் புதிதாக டிரைவர் வேலைக்குச் சேரும் தம்பிக்கு இது. சிக்னல் சிவப்பில் இருக்கும்போதும், ராங் சைடிலும் "போ" என்று ஐயா, அதாவது நாம் ஏற்றிப் போகும் அதிகாரி, சொன்னால் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் விஷயம். துறையூர் பக்கம் ஒரு ஆபீஸில் 27 வருஷம் ஸ்டீயரிங் பிடித்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி சர்க்காருடையது, டீசல் சர்க்காருடையது, அவசரம் ஐயாவுடையது. லைசென்ஸ் மட்டும் நம்முடையது.

வேலை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். "நாளைக்கு எத்தனை மணிக்குங்க ஐயா?" என்று கேட்டு வைத்துக்கொள். திங்கட்கிழமை என்றால் திருச்சி கலெக்டர் ஆபீஸில் 10 மணிக்குக் குறைதீர் கூட்டம். நம்பர் ஒன் டோல்கேட், சஞ்சீவி நகர், பால்பண்ணை எல்லாம் தாண்டியாக வேண்டும். ஐயா 9 மணி என்பார். "எட்டு மணிக்கே குவார்ட்டர்ஸ் வாசல்ல நிக்கிறேங்க" என்று சொல்லிவிடு. சிவப்பில் போகச் சொன்னவர்களில் பாதிப்பேர் திமிர் பிடித்தவர்கள் இல்லை. பூஜையறையிலிருந்து லேட்டாக வெளியே வந்தவர்கள். அவர்களுக்கு இந்த வைத்தியமே போதும்.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

சீட் பெல்ட் விஷயத்தையே பார். கஞ்சி போட்ட சட்டை கசங்கும் என்று பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கொக்கியை மட்டும் மாட்டி வைத்திருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, பெல்ட் போடாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்டினால் ஓட்டுகிறவனுக்கு 1,000 ரூபாய் அபராதம். "ஃபைன் எனக்குத்தாங்க வரும்" என்று பாவமாகச் சொல்லிப் பார். முக்கால்வாசிப் பேர் முனகிக்கொண்டே போட்டுவிடுவார்கள்.

சிக்னலில் நின்றதும் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடு. இது முக்கியம். கால் கிளட்சிலேயே இருந்தால், பக்கத்தில் "போப்பா" என்று ஒரு சத்தம் கேட்டதும் கால் தானாக எடுத்துவிடும். 27 வருஷப் பழக்கம் அப்படி. கியரில் இல்லாத வண்டி யார் சொன்னாலும் நகராது. அந்த நேரத்தில், "கேமரா இருக்குங்க ஐயா, சலான் ஆபீஸ் பேருக்கு வரும், அப்புறம் ஆடிட்ல கேப்பாங்க" என்று மெதுவாகச் சொல். நான் பார்த்த எந்த அதிகாரியும் டிராஃபிக் போலீஸுக்குப் பயந்ததில்லை. ஆடிட் என்ற சொல்லுக்கு அத்தனை பேரும் பயந்தார்கள்.

"ஆம்புலன்ஸ் மட்டும் போகலாமா?" என்று ஓர் அதிகாரி கேட்டார். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் உயிர் காக்கப் போகின்றன. நாம் மீட்டிங்குக்குப் போகிறோம். அதிகாரிகள் வண்டிக் கூரையில் சுழல் விளக்கு இருந்த காலத்தில் இதை ஐயாக்களுக்குப் புரியவைப்பது இன்னும் கஷ்டம். 2017 மே 1 முதல் கூடாது என்று உத்தரவு வந்தபோது எங்கள் வண்டி விளக்கை நான்தான் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன். கூரையில் வெயில் படாத இடம் மட்டும் வட்டமாகப் புதுப் பெயிண்ட் மாதிரி பளபளத்தது. ஐயா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குப் பேசவே இல்லை.

ராங் சைடில் மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதே. நான் ஒரு தடவை போனேன். "இருநூறு அடிதானய்யா, திரும்பு" என்றார். எதிரே டி.வி.எஸ். 50-இல் பால் கேனோடு வந்தவர் பிரேக் அடித்துச் சரிந்தார். ரோடு முழுக்கப் பால். அவர் முழங்கையில் எலும்பு விரிசல். ஐயா ஆட்டோ பிடித்து மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஸ்டேஷனில் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான். எஃப்.ஐ.ஆரில் என் பெயர், அப்பா பெயர், வயது எல்லாம் இருந்தது; ஐயா வண்டியில் இருந்ததாகவே இல்லை. அரசு வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நஷ்ட ஈடு விஷயத்தை அரசு பார்த்துக்கொள்ளும், வழக்கு நம் தலையில்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருக்கட்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் எதிர்த்திசையில் ஓட்டுவதும் 184-வது பிரிவில் ஆபத்தாக ஓட்டுதல் கணக்கில் வருகின்றன. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. அதற்குத் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. இதை ஐயாவிடம் சட்டமாகப் பேசாதே, மெமோ வரும். "நம்ம ரெண்டு பேர் மேலயும் வருங்களாம்" என்று கேள்விப்பட்ட செய்திபோலச் சொல். போலீஸ், ஆர்.டி.ஓ. வண்டி ஓட்டப் போகிறவர்கள் அதே சட்டத்தின் 210பி பிரிவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சட்டத்தை அமல்படுத்துகிறவர்களே மீறினால் அபராதம் இரட்டிப்பு.

லாக் புக்கில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர் மூன்றையும் அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. 9.10-க்குப் புறப்பட்டதை 8.30 என்று எழுதச் சொன்னால், பேனா எழுதவில்லை என்று சொல்லிக் கொஞ்சம் தள்ளிப்போடு. பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

போலீஸ் கை காட்டினால் நிறுத்தி, இறங்கி, லைசென்ஸைக் கொடு. "யார் வண்டி தெரியுமா" என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரக் கூடாது. ஐயா சொல்லிக்கொள்ளட்டும்.

நாளைக்கு முதல் ட்ரிப் என்றால், இடது சீட்டுக்குப் பின்னால் சிக்கிக் கிடக்கும் பெல்ட்டை இன்றைக்கே இழுத்து வெளியே விட்டு, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து வை. இல்லையென்றால் வெள்ளைச் சட்டையில் கறை படுகிறது என்று அதையே சாக்காகச் சொல்வார்.