அப்பாவுக்கு பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டதா? சிங்கப்பூரில் இருந்தே பார்க்கலாம்

விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகையில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டிய 2,000 ரூபாய் வரவில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தால், உடனே தரகரிடம் ஓடச் சொல்லாதீர்கள். முதலில் அப்பாவின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தெரியவில்லை என்றால் ஆதார் எண்ணையோ பதிந்த கைப்பேசி எண்ணையோ கொடுத்து பிஎம் கிசான் தளத்திலேயே எடுக்கலாம். பிறகு ‘நோ யுவர் ஸ்டேட்டஸ்’ பகுதிக்குள் போய் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: லேண்ட் சீடிங் (நிலப் பதிவு இணைப்பு), இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார் பேங்க் சீடிங் (வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு). எதற்கு நேரே ‘நோ’ என்று இருக்கிறதோ, சிக்கல் அங்கேதான்.

இ-கேஒய்சியில் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது ஓடிபியில். அப்பாவின் ஆதாரில் உங்கள் பழைய இந்திய எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். இங்கே வந்தபின் ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்திருக்கும். எண்ணை மாற்ற அவர் ஆதார் மையத்துக்குப் போகலாம். இ-சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம்தான், ஆனால் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுப்பது சகஜம். அதைவிட, ஊரில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ பிஎம் கிசான் செயலியில் அப்பாவின் முகத்தைக் காட்டி முடித்துவிடலாம். 2023இல் வந்த இந்த வழிக்கு ஓடிபியும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலில் உட்காரவைத்தால் போதும்.

ஆதார் பேங்க் சீடிங் ‘யெஸ்’, தவணையும் போய்விட்டதாகக் காட்டுகிறது, பாஸ்புக்கில் மட்டும் பணம் இல்லையா? வேறு வங்கிக்குப் போயிருக்கும். கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தாரோ, பணம் அங்கே போகும். நூறு நாள் வேலைக்கென்று திறந்தது, சிம் வாங்கும்போது கடைக்காரர் திறந்துவிட்டது என எல்லாவற்றையும் கேளுங்கள். ஆதார் தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் வங்கியின் பெயரே வரும். ‘எஃப்டிஓ ஜெனரேட்டட்’ (பணம் அனுப்பும் ஆணை தயார்) என்று இருந்தால் பணம் கிளம்பும் நிலையில் இருக்கிறது, காத்திருங்கள்.

லேண்ட் சீடிங் ‘நோ’ என்றால் இங்கிருந்து ஒன்றும் செய்யமுடியாது. பட்டா, ஆதார் நகல்களோடு அப்பா வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகவேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு இத்திட்டம் கிடையாது. வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் யோசனை இருந்தால், வெளிநாடுவாழ் இந்தியருக்கு இந்தப் பணம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் சிங்கப்பூர்ச் சம்பளம் அப்பாவின் தகுதியைக் கெடுக்காது. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள்தான் இதில் குடும்பம். ஆனால் நீங்கள் அனுப்பும் பணத்தை அவர் பெயரில் வைப்புநிதியாகப் போட்டு, வட்டிக்கு அவர் வருமான வரி கட்டும் நிலை வந்தால் தகுதி போய்விடும். 2,000 ரூபாயை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள், ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

தகுதியில்லாதவர்களைத் தரகர்கள் சேர்த்துவிட்ட முறைகேடு 2020இல் தமிழ்நாட்டில் வெளிவந்து, கொடுத்த பணத்தை அரசு திரும்ப வசூலித்தது. “நான் சேர்த்துவிடுகிறேன், பாதி கொடு” என்பவரிடம் அப்பாவின் ஆதாரைக் கொடுக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் ‘பிஎம் கிசான்’ என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பையும் (செயலியை நிறுவும் கோப்பு) தொடாதீர்கள், அது வங்கிக் கணக்கைத் துடைக்க வருவது. சந்தேகம் இருந்தால் ஊரிலிருந்து 155261 என்ற பிஎம் கிசான் உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். வங்கியில் நேரில் கேட்கவேண்டுமானால், அங்கே காலை 10 மணி நமக்குப் பகல் 12.30, சாப்பாட்டு இடைவேளையில் வீடியோ அழைப்பில் கூடவே இருக்கலாம்.