வெளிநாட்டில் வேகக் கேமராவும் அபராதக் கடிதமும்: கார் ஓட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் புதிதாகக் கார் ஓட்டத் தொடங்குபவர், அங்கே ஏற்கெனவே ஓட்டிப் பழகியவரிடம் முதலில் கேட்பது, பலகையில் உள்ள வேகத்துக்கு மேல் எவ்வளவு போனால் கேமரா பிடிக்கும் என்பதுதான். உடனே ஓர் எண் பதிலாகக் கிடைக்கும். அந்த எண் எந்த ஊருக்கு, எந்த ஆண்டுக்கு உரியது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. துபாயில் பலகை வேகத்துக்கு மேல் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை கேமரா கண்டுகொள்வதில்லை. அங்குள்ளோர் அதைப் 'பஃபர்' என்பார்கள். பக்கத்து அபுதாபியில் அந்தப் பஃபரை 2018 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். 140 என்று போட்டிருக்கும் அபுதாபிச் சாலையில் துபாய்ப் பழக்கத்தில் 155 போகிறவர், தாம் விதிக்கு உட்பட்டே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே நண்பர் சொன்ன எண்ணை ஒதுக்கிவிட்டு, போகும் நாட்டின், தேவையானால் போகும் மாநிலத்தின், போக்குவரத்துத் துறை இணையதளத்தில் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

அப்படிப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜெர்மனியில் அளந்த வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்குள் இருந்தால் அதிலிருந்து 3 கிலோமீட்டரும், அதற்கு மேல் இருந்தால் 3 விழுக்காடும் கழித்துவிட்டுத்தான் அபராதம் கணக்கிடுகிறார்கள். இது கருவியின் பிழைக்காகக் கழிப்பது. ஓட்டுநருக்குக் கொடுக்கும் சலுகை அன்று. பிரிட்டனில் காவல்துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல், எல்லை வேகத்தோடு அதன் 10 விழுக்காட்டையும் மேலும் மணிக்கு 2 மைலையும் கூட்டி, அதிலிருந்து நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. சட்டப்படியோ எல்லையை 1 மைல் தாண்டினாலே குற்றம்தான்; வழிகாட்டுதலைக் காட்டி யாரும் விலக்குக் கேட்க முடியாது. இவற்றோடு காரின் வேகமானியும் சேர்ந்துகொள்கிறது. ஐ.நா. வாகன விதிமுறையின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, சற்றுக் கூட்டிக் காட்டலாம். கைப்பேசி காட்டும் வேகம் டாஷ்போர்டில் உள்ளதைவிடக் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வேகமானியின் கூடுதல், கருவிக்கான கழிவு, காவல்துறையின் பொறுமை என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கணக்குப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. மூன்றில் ஒன்று மாறினாலும் கணக்கு கவிழ்ந்துவிடும்.

அடுத்து, கேமரா எப்படிப் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டனின் பழைய கேட்சோ கேமரா, ரேடாரில் வேகத்தை அளந்த கையோடு அரை விநாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கும். சாலையில் அந்த இடத்தில் மட்டும் சம இடைவெளியில் சிறு வெள்ளைக் கோடுகள் இருக்கும். முதல் படத்திலும் இரண்டாம் படத்திலும் சக்கரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எண்ணினால், ரேடார் சொன்னது சரிதானா என்று அளவுகோல் வைத்தாற்போல் சரிபார்க்கலாம். இதை உருவாக்கிய மாரிஸ் கேட்சோனிடஸ் நெதர்லாந்துக்காரர், 1953-இல் மான்டி கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்தை வென்றவர். வளைவுகளில் தம்முடைய வேகத்தை அளந்து இன்னும் விரைவாக ஓட்டுவதற்காகவே அளவுகோலைத் தேடினார் என்பது ஒரு வேடிக்கை. இத்தகைய கேமராவின் முன் மட்டும் பிரேக்கை அழுத்திவிட்டுப் பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் பழக்கம், சராசரி வேகக் கேமராக்களிடம் பலிக்காது. பிரிட்டன், இத்தாலி, நார்வே ஆகிய நாடுகளில் உள்ள அவை, சாலையின் ஒரு முனையிலும் மறுமுனையிலும் பதிவெண்ணைப் படித்து, தொலைவை நேரத்தால் வகுத்துவிடுகின்றன. அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை எல்லை வேகத்தில் வைத்துவிட்டு அந்தப் பகுதி முழுவதையும் கடப்பது.

கேமரா இருக்கும் இடத்தை முன்கூட்டிச் சொல்லும் செயலிகளில் கவனம் தேவை. பிரிட்டனில் அவற்றைப் பயன்படுத்தத் தடையில்லை. ஜெர்மனியில் ஓட்டுநர் பயணத்தின்போது பயன்படுத்தினால் 75 யூரோ அபராதமும், உரிமக் கணக்கில் ஒரு தண்டப் புள்ளியும். சுவிட்சர்லாந்து இன்னும் கடுமையானது. பிரான்ஸில் ரேடார் கண்டறியும் கருவி வைத்திருப்பதே குற்றம். நாட்டின் எல்லை தாண்டும் பயணம் என்றால், புறப்படும் முன்பே வழிகாட்டிச் செயலியின் அமைப்புகளில் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட வேண்டும்.

இனி கடிதத்துக்கு வருவோம். உறையைப் பிரித்ததும் தொகையைப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். பார்க்க வேண்டியது, கடிதம் யாரைப் பொறுப்பாக்குகிறது, எந்தத் தேதிக்குள் என்ன செய்யச் சொல்கிறது என்பவற்றைத்தான். நியூயார்க் நகரில் பள்ளிப் பகுதிகளில் எல்லையை 10 மைலுக்கு மேல் தாண்டினால் கேமரா அபராதம் 50 டாலர் என்று தொடங்கியது. அது வண்டியின் உரிமையாளருக்கு வருவது, உரிமத்தில் புள்ளி ஏறாது. நெதர்லாந்தும் பதிவெண்ணைப் பார்த்து உரிமையாளருக்கே அனுப்புகிறது. ஜெர்மனியில் ஓட்டியவர்தான் பொறுப்பு என்பதால் முகம் தெரியும் படம் வேண்டும். பிரிட்டனில் முதல் கடிதம் 14 நாளுக்குள் பதிவு உரிமையாளருக்கு வந்து, ஓட்டியவர் யார் என்று கேட்கும். 28 நாளுக்குள் பதில் தராவிட்டால் 6 புள்ளிகளும் 1000 பவுண்டு வரை அபராதமும் விதிக்கலாம். சாதாரண வேகக் குற்றத்துக்கு 3 புள்ளிகளும் 100 பவுண்டும்தான் என்பதால், பதில் சொல்லாமல் இருப்பது ஓட்டிய குற்றத்தைவிடப் பெரிய குற்றமாகிவிடுகிறது. இங்கே ஒரு சபலமும் எழும். கணவரின் உரிமத்தில் ஏற்கெனவே 9 புள்ளிகள் இருக்கும். 12 ஆனால் உரிமம் பறிபோகும். மனைவியின் உரிமம் சுத்தமாக இருக்கும். ஓட்டியது மனைவி என்று எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படி எழுதிய முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹியூனும் அவருடைய முன்னாள் மனைவியும், 2003-இல் நடந்த வேகக் குற்றம் தொடர்பாக 2013-இல் தலா 8 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். நீதியைத் திசைதிருப்பியதற்கான தண்டனை அது.

தேதி விஷயத்தில் பணமும் இருக்கிறது. பிரான்ஸில் நகருக்குள் எல்லையை 20 கிலோமீட்டருக்குக் குறைவாகத் தாண்டினால் 135 யூரோ. விரைந்து கட்டினால் 90, காலம் கடத்தினால் 375. ஸ்பெயினில் 20 நாளுக்குள் கட்டினால் பாதி, இத்தாலியில் 5 நாளுக்குள் கட்டினால் 30 விழுக்காடு குறைவு. இந்தச் சலுகைகள் பழைய முகவரிக்குப் போய்க் கிடக்கும் கடிதத்துக்குப் பயன்படாது என்பதால், வீடு மாறிய வாரத்திலேயே வண்டிப் பதிவிலும் உரிமத்திலும் முகவரியை மாற்றிவிட வேண்டும்.

வாடகைக் கார் எடுத்தவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கேமராவில் சிக்கியதும் வாடகை நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்காக உங்கள் கார்டிலிருந்து ஒரு கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து அபராதம் கட்டியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். அபராதம் தனியாக, மாதங்கள் கழித்துக்கூட வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. இன்னொரு பக்கம், அபராதம் பாக்கி என்று குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்களும் இருக்கின்றன. எந்த நாடானாலும் அந்த இணைப்பைத் தொடாமல், அதிகாரபூர்வத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, பதிவெண்ணையோ கடித எண்ணையோ கொடுத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் ஓட்டுநர்களின் மனப்போக்கையும் சற்று அறிந்திருக்க வேண்டும். அவர்களைப் பார்த்துத்தான் புதியவரின் கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்துகிறது. ஸ்வீடனில் கேமரா வருகிறது என்று நீலப் பலகை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். பணம் வசூலிப்பதைவிட வேகம் குறைவதே நோக்கம் என்பதால் மக்களிடையே கசப்பு குறைவு. பிரான்ஸில் 2018 ஜூலையில் இரண்டாம் நிலைச் சாலைகளின் எல்லையை 80 ஆகக் குறைத்ததும், எரிபொருள் வரியை எதிர்த்து அடுத்து வந்த மஞ்சள் அங்கிப் போராட்டத்தில் நாட்டின் கேமராக்களில் பாதிக்கு மேல் சேதமாகின. டொரோண்டோவில் பார்க்சைடு சாலைக் கேமராவை மறுபடி மறுபடி அறுத்துச் சாய்த்தார்கள். ஒன்டாரியோ மாகாணம் 2025 நவம்பரில் வேகக் கேமராக்களையே தடை செய்துவிட்டது. அதனால் அங்கே வேக எல்லை போய்விடவில்லை. காவலர் நேரில் நிறுத்தினால் அபராதத்தோடு புள்ளிகளும் சேரும். பின்லாந்தில் எல்லையை 20 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால் அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. 2023-இல் ஓலாந்து தீவில் 50 எல்லையில் 82 போன தொழிலதிபர் ஒருவருக்கு 1,21,000 யூரோ விதித்தார்கள். வசூலுக்காகவே கேமரா என்ற குற்றச்சாட்டில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லை திடீரென்று குறையும் இடத்தில் பதுங்கி நிற்கும் கேமராவைப் பார்த்தால் எவருக்கும் அந்த ஐயம் வரும். ஆயினும் சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்தின் ஆபத்து சுமார் 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

மேல்முறையீட்டுக் கடிதத்தில் இந்த வாதங்கள் எவையும் எடுபடுவதில்லை. எல்லோரும் அதே வேகத்தில்தான் போனார்கள் என்பதும் எடுபடாது. முதலில் படத்தைக் கேட்டுப் பெற்று, பதிவெண், வண்டியின் நிறம், இடம், நேரம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். போலிப் பதிவெண் மாட்டிய வேறு வண்டியாகவோ, நீங்கள் அதற்கு முன்பே விற்றுவிட்ட வண்டியாகவோ இருக்கலாம். விற்பனைச் சான்று, அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான ரசீது போன்றவைதான் வழக்கை மாற்றும். அவை இல்லையென்றால் சலுகைக் காலம் முடிவதற்குள் கட்டிவிடுவதே லாபம்.

கட்டிய பிறகு மிஞ்சுவது புள்ளிகளும் காப்பீடும். பிரிட்டனில் சற்றே தாண்டியவர்களுக்குப் புள்ளிகளுக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பு கிடைக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே போயிருந்தால் கிடைக்காது. உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகி, மீண்டும் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நீண்ட விடுமுறை வார இறுதிகளில் வேகக் குற்றப் புள்ளிகள் இரட்டிப்பாகும் என்பதால், அந்த நாட்களின் பட்டியலைப் பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது புள்ளிகளைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தது தெரியவந்தால் விபத்து இழப்பீட்டையே நிறுவனம் மறுக்கக்கூடும். கட்டிய ரசீதையும் கடிதத்தையும் ஒரே கோப்பில், அடுத்த புதுப்பிப்பு வரை வைத்திருங்கள்.