அமெரிக்காவில் வாழும் பெற்றோருக்கு மெடிகேர்: சேரும் காலமும் முறையும்

மெடிகேர் என்பது அமெரிக்க ஒன்றிய அரசு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடத்திவரும் மருத்துவக் காப்பீடு. 65 வயது நிறைந்தவர்களுக்காகத் தொடங்கிய இத்திட்டத்தில், உடற்குறையால் வேலை செய்ய இயலாதவர்களையும் 1972இல் சேர்த்தார்கள். அவர்கள் அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையான சோசியல் செக்யூரிட்டியின் ஊன உதவித்தொகையை 24 மாதங்கள் பெற்றபின் காப்பீடு தானாகவே தொடங்கும். தசைகளை இயக்கும் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

பிள்ளைகளின் அழைப்பில் கிரீன் கார்டு பெற்று வந்த பெற்றோருக்கு, 65 வயதுடன் அமெரிக்காவில் 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருப்பதும் தேவை. "இத்தனை ஆண்டுகளாக நான் வரி கட்டுகிறேனே, அப்பா அம்மாவுக்கு இலவசமாகக் கிடைக்காதா?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே, ஆனால் பிள்ளையின் உழைப்பு இங்கே கணக்கில் வராது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான பகுதி ஏ பிரீமியம் இன்றிக் கிடைக்க, காப்பீடு பெறுபவரோ அவருடைய வாழ்க்கைத் துணையோ அமெரிக்காவில் சுமார் 10 ஆண்டுகள், அதாவது 40 காலாண்டுகள், வரி செலுத்தி வேலை பார்த்திருக்க வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், இந்தியாவில் பார்த்த வேலையும் இதில் சேராது.

அத்தகைய பெற்றோர் காப்பீட்டை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2026இல் பகுதி ஏயின் முழுப் பிரீமியம் மாதம் 565 டாலர். மருத்துவர் கட்டணம், பரிசோதனை முதலியவற்றுக்கான பகுதி பி 202.90 டாலர். பகுதி பியை மட்டும் வாங்கலாம். ஆனால் கீழே சொல்லப்படும் அட்வான்டேஜ், மெடிகேப் ஆகிய தனியார் திட்டங்கள் இரண்டுக்கும் ஏ, பி இரண்டுமே வேண்டும் என்பதை முடிவெடுக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களின் பிரீமியத்தை மாநில அரசு ஏற்கும் திட்டங்களும் உள்ளன. அவற்றைக் கேட்டறியாமல் பணத்தைக் கட்டத் தொடங்க வேண்டாம்.

எந்தத் திட்டம் நல்லது என்று குடும்பங்கள் மாதக்கணக்கில் ஆராய்கின்றன. அதைவிட முக்கியமானது, சேர வேண்டிய காலத்தைத் தவறவிடாதிருப்பது. 65 வயது நிறையும் மாதம், அதற்கு முந்தைய 3 மாதங்கள், பிந்தைய 3 மாதங்கள் என மொத்தம் 7 மாதங்கள் அவகாசம் உண்டு. 65 வயதுக்குப் பிறகு 5 ஆண்டு வசிப்பை நிறைவு செய்பவர்களுக்கு, அது நிறைவடையும் மாதத்தைச் சுற்றியே இந்தக் கணக்கு அமையும். தவறவிட்டால் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையிலான பொதுச் சேர்க்கைக்குக் காத்திருக்க வேண்டியதோடு, தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பகுதி பியின் பிரீமியம் 10 விழுக்காடு கூடும். இரண்டு ஆண்டுகள் தாமதித்தவர் 2026இல் சுமார் 243.50 டாலர் கட்டுவார். இந்தக் கூடுதல் பகுதி பி இருக்கும் வரை தொடரும். 20 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் தாமோ வாழ்க்கைத் துணையோ வேலையில் இருந்து, அந்த வேலையின் காப்பீட்டைப் பெறுபவர்களுக்கு இந்தத் தண்டம் இல்லை. வேலை முடிந்தபின் அவர்களுக்கு 8 மாத அவகாசம் உண்டு. வேலையை விட்டபின் கோப்ரா என்னும் சட்டத்தின் மூலம் நீட்டிக்கும் நிறுவனக் காப்பீடு இதற்கு ஈடாகாது.

பகுதி பியில் ஆண்டுதோறும் முதலில் ஒரு தொகையை (2026இல் 283 டாலர்) நாமே செலுத்திய பிறகும், செலவில் 20 விழுக்காடு நம் பொறுப்பாகவே இருக்கும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. பெரிய நோய் ஒன்று வந்தால் குடும்பத்தின் சேமிப்பைக் கரைப்பது இதுதான். இதை ஈடுகட்டத் தனியார் விற்கும் மெடிகேப் காப்பீடு உண்டு. 65 வயதுக்குப் பின் பகுதி பி தொடங்கிய முதல் 6 மாதங்களில், நீரிழிவு, இதயநோய் எதையும் காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. அந்த 6 மாதங்கள் கடந்தால் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம், ஆகவே இக்காலத்தைக் கைநழுவ விடாதீர்கள். மாற்று வழியாக, ஏ, பி இரண்டையும் சேர்த்துத் தனியார் நிறுவனங்கள் வழங்கும் மெடிகேர் அட்வான்டேஜில் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் அவர்களது பட்டியலில் உள்ள மருத்துவர்களிடமே செல்ல வேண்டும். மருந்துகளுக்கான பகுதி டியில், 2026இல் காப்பீட்டுக்கு உட்பட்ட மருந்துகளுக்கு நம் செலவு 2,100 டாலரைத் தாண்டாது.

ஆண்டுக்கொருமுறை ஊருக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் பெறும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. சில மெடிகேப் திட்டங்கள் மட்டும், பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் நேரும் அவசரச் சிகிச்சைக்கு, முதல் 250 டாலர் போக 80 விழுக்காட்டை, வாழ்நாளில் 50,000 டாலர் வரை தரும். ஊரில் இருக்கும் மாதங்களிலும் பகுதி பியின் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் காப்பீடு ரத்தாகி, திரும்பி வந்தபின் பொதுச் சேர்க்கையும் தண்டமும் காத்திருக்கும்.

விண்ணப்பத்தைச் சோசியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டு, கிரீன் கார்டு, வசிப்பிடச் சான்றுகள், துணையின் உழைப்பைக் காட்டிச் சேர்வதானால் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு அங்கே இலவச மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை உண்டு. திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்னும் இலவச ஆலோசனை சேவை இயங்குகிறது. அவர்கள் எந்தக் காப்பீட்டையும் விற்பதில்லை என்பதால், முகவரிடம் கையெழுத்திடும் முன் அவர்களிடம் பேசுங்கள்.