1950களின் கல்லூரி ஃபுட்பால் சீசன் ஒன்றைப் படிப்பது எப்படி?

அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆடிய கல்லூரி அணிகளின் பழைய சீசன் பக்கத்தைத் திறந்ததும் 10-1 (பத்து வெற்றி, ஒரு தோல்வி) மாதிரி ஓர் எண் கண்ணில் படும். அதை விட்டுவிட்டு நேராக ஆட்ட அட்டவணைக்குப் போங்கள். தேதி, எதிரணி, மைதானம், ஸ்கோர் என்று ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டே வாருங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். வெற்றி தோல்விக் கணக்கைவிட, அவை வந்த வரிசையில்தான் கதை இருக்கிறது.

பழகிக்கொள்ள 1950 ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் பட் வில்கின்சன். அக்டோபரில் டெக்சாஸை 14-13 என்று வென்றார்கள். டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) 6 புள்ளி, அதற்குப் பிறகான உதைக்கு 1 புள்ளி. இரண்டு அணிகளும் தலா இரண்டு டச்டவுன் எடுத்த ஆட்டம் இது. வித்தியாசம் ஒரே ஓர் உதைதான். டச்டவுனுக்குப் பின் 2 புள்ளிக்கு முயலும் வழி 1958இல்தான் வந்தது. அதனால் அதற்கு முந்தைய ஸ்கோர்களை இப்படிப் பிரித்துப் பார்ப்பது சுலபம். இன்னொன்று, இந்த ஆட்டம் நடந்தது டல்லாஸின் காட்டன் பவுல் மைதானத்தில். பெயரைப் பார்த்து ஜனவரி மாதத்து காட்டன் பவுல் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். சீசன் முடிந்தபின் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டத்துக்குத்தான் பவுல் என்று பெயர்.

அட்டவணையின் கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். 1951 ஜனவரி 1, சுகர் பவுல்: கென்டக்கி 13, ஓக்லஹோமா 7. தொடர்ந்து 31 ஆட்டங்கள் வென்றிருந்த அணி அன்று தோற்றது. ஆனாலும் 1950இன் தேசிய சாம்பியன் ஓக்லஹோமாதான். எப்படி? சாம்பியன் பட்டம் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் தரவரிசையை வைத்துத்தான்; அது தன் இறுதித் தரவரிசையை பவுல் ஆட்டங்களுக்கு முன்பே வெளியிட்டுவிட்டது. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். ஆகவே, முதலிடம் என்று எங்கே பார்த்தாலும் அது எந்தத் தேதியின் முதலிடம் என்று பாருங்கள். 1953இல் மேரிலாந்துக்கும் இதே கதைதான்: பட்டம் கையில் வந்தபின் ஆரஞ்ச் பவுலில் 7-0 தோல்வி.

9-0-1 என்று மூன்றாவதாக ஓர் எண் வந்தால் அது டிரா. கூடுதல் நேரம் 1996 வரை பொதுவிதியாக வரவில்லை. அப்புறம் 1953: தாராளமாக ஆள் மாற்றும் உரிமையை அந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள், தாக்குபவரே தடுக்கவும் வேண்டியதாயிற்று. 1952இன் புள்ளிவிவரத்தையும் 1954இன் புள்ளிவிவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

அட்டவணையில் இல்லாததையும் படிக்க வேண்டும். 1951 சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம்: 9-0, ஒரு தோல்வி கிடையாது. ஆலி மேட்சன் அந்த ஒரு சீசனில் 1,566 கெஜம் ஓடினார். ஆனால் பவுல் வரி காலி. மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்றார்கள் பவுல் அமைப்பாளர்கள். அணியினர் முடியாது என்று மறுத்துவிட்டார்கள். எனக்கு அந்த ஒன்பது வெற்றிகளையும்விடப் பெரியது இந்த மறுப்புதான். ஸ்கோரை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் நல்ல அணி ஒன்று பவுலுக்குப் போகவில்லையென்றால் காரணத்தைத் தேடுங்கள். சில நேரம் அது வெறும் விதிதான்: 1954இல் தோல்வியே காணாத யுசிஎல்ஏ, முந்தைய சீசனில் ரோஸ் பவுல் ஆடியிருந்ததால் மறுபடி போக முடியவில்லை.

கடைசியாக, அடுத்த ஆண்டின் பக்கத்தையும் தேடிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு 1952 பக்கம் கிடைக்காது. பணப் பற்றாக்குறையால் பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் வீரர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடுங்கள். மேட்சன், ஜினோ மார்க்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். டோலர் 1965இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் முதல் கறுப்பின நடுவரானார்.