இரண்டு தெர்மாமீட்டர், ஒரு மொட்டைமாடி: வெயிலைத் துருவ முறையில் அளப்பது

காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போதும், துருவத்தில் வெயிலில் வைத்த கறுப்புக் குமிழ் நன்றாகவே சூடேறும். காற்றின் சூடு வேறு, வெயிலின் பலம் வேறு. 19-ஆம் நூற்றாண்டுத் துருவப் பயணக் குழுக்கள், காற்று நீக்கிய கண்ணாடிக் கூட்டுக்குள் கறுப்புக் குமிழ் தெர்மாமீட்டரை வைத்து வெயிலை அளந்தது இதனால்தான். அதன் எளிய வடிவம் இது.

பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் கடையில் 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் ஒரே ரகத்தில் இரண்டு வாங்குங்கள். 50 டிகிரியோடு நிற்பது வேண்டாம், சென்னை வெயிலில் உடைந்துவிடும். பாதரசமும் வேண்டாம், சிவப்புத் திரவம் போதும். இரண்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் வைத்து, வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கறுப்பு. பெயிண்ட் பளபளத்து ஒளியைத் திருப்பிவிடும். விளக்குக் கரியே என் தேர்வு. விளக்கெண்ணெய்த் திரிக்கு மேல் தட்டைக் கவிழ்த்து, கண்மைக்கு எடுப்பதுபோலக் கரி பிடித்து, இரண்டு சொட்டு ஸ்பிரிட்டில் குழைத்து ஒரு குமிழில் பூசுங்கள். மற்றதில் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் சுற்றுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். திறந்தவெளியில் வைத்தால் காற்று கறுப்புக் குமிழின் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கடற்காற்று எழுந்ததும் வெயில் குறையாமலேயே அளவு விழும். அதனால் ஒரே மாதிரி இரண்டு ஊறுகாய் பாட்டிலில் தனித்தனியாக, குமிழ் கண்ணாடியில் படாமல் நடுவில் தொங்கவிட்டு வாயை அடையுங்கள். கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி, ஸ்டூல் மேல் வையுங்கள். கால் மணி நேரம் கழித்துக் கறுப்புக் குமிழின் அளவிலிருந்து தாள் சுற்றிய குமிழின் அளவைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் முக்கியம், தனி அளவு அல்ல.

அப்புறம், கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்து மறுபடி பாருங்கள். புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். துருவத்தில் குமிழுக்குக் கீழிருந்தும் வெயில் வரும். வேட்டி அவ்வளவு திருப்பாது, ஆனாலும் வித்தியாசம் கூடுவது தெரியும்.

பின்சேர்க்கை: இதை வாட் கணக்கில் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்கள். பாட்டிலுக்குள் காற்று இருப்பதால் நேரடியாக முடியாது. வெயிலின் பலத்தை அளக்கும் கருவியான பைரனோமீட்டரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இன்றைய துருவ நிலையங்களில் இருப்பதும் அந்தக் கருவிதான். அதன் பரவலான வகையும் கண்ணாடிக் கவிகைக்குள் கறுப்புப் பரப்புக்கும் குளிர்ந்த பகுதிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தையே அளக்கிறது. அங்கே கவிகையில் உறைபனி படியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் பாட்டிலில் தூசியைத் துடைத்துவிட்டு, கடற்காற்று வருமுன் காலை பத்து மணிவாக்கில் அளவெடுங்கள்.