மழைத்தோட்டம் ஏன் குட்டையாகிறது, ஏரி ஏன் வெள்ளத்தைத் தாங்குவதில்லை: நகர மழைநீர் மேலாண்மையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைத்தோட்டம் (ஓடிவரும் மழைநீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்கும், செடி நட்ட பள்ளம்), புல்வாய்க்கால் (மழைநீர் ஓடும், புல் மூடிய ஆழமற்ற வாய்க்கால்), நீர் புகும் தளம் (இடுக்குகள் வழியே நீரைக் கீழே விடும் கல்தளம்), பசுமைக்கூரை (செடி வளர்க்கும் கூரை), சதுப்புநிலம், ஏரி மீட்பு என்று எதை எடுத்துக்கொண்டாலும், அது தோற்றுப்போவதற்குச் செடிகள் காரணமாக இருப்பது அரிது. கணக்கு, மட்டம், மண், பராமரிப்பு என்ற நான்கில் ஏதோ ஒன்றில் கோட்டை விட்டிருப்பார்கள். திறப்பு விழாவன்று எல்லாம் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். முதல் கனமழையில்தான் வண்டவாளம் வெளியே வரும்.

கணக்குப் போடாமல் குழி வெட்டுவது

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரி தெரிந்தால் போதும், பாதித் தவறுகள் காகிதத்திலேயே பிடிபட்டுவிடும்.

200 சதுர மீட்டர் கூரை ஒன்று இருக்கிறது. 50 மி.மீ. மழை பெய்கிறது. பத்தில் ஒன்பது பங்கு வழிந்து வருவதாக வைத்தால் 9,000 லிட்டர். இதற்காக 10 சதுர மீட்டரில் ஒரு மழைத்தோட்டம் போடுகிறார்கள். மேலே 20 செ.மீ. தேங்க இடம், அது 2,000 லிட்டர். கீழே 60 செ.மீ. மண்கலவை, அதில் ஐந்தில் ஒரு பங்கு காலியிடம் என்றால் 1,200 லிட்டர். மொத்தக் கொள்ளளவு 3,200 லிட்டர். தோட்டத்தின் மேலேயே விழும் மழையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 17 மி.மீ. மழைக்கே அது நிரம்பிவிடும். மீதி அத்தனையும் வழியும். 50 மி.மீ. முழுவதையும் பிடிக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 33 சதுர மீட்டர் தேவை. மழை பெய்யும்போதே கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கும் என்பது உண்மைதான். களிமண் நிலத்தில் அந்தக் கொஞ்சத்தை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

அதற்காகச் சின்னத் தோட்டம் வீண் என்று பொருளில்லை. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழைநாட்களில் பெரும்பாலானவை சிறுமழைதான். அவற்றையும், சாலையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் அழுக்குத் தண்ணீரையும் அது நன்றாகவே பிடிக்கும். பெருவெள்ளத்தை அது தடுக்கும் என்று சொல்லி விற்பதுதான் தவறு. சீனாவில் 'பஞ்சு நகரம்' (நகரமே பஞ்சுபோல மழைநீரை உறிஞ்ச வேண்டும்) என்ற கொள்கையின் கீழ் பணிகள் நடந்திருந்த ஜெங்ஜோ நகரில், 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டியது. அந்த அளவுக்கு எந்தத் தோட்டமும் வடிவமைக்கப்படுவதில்லை.

ஆகவே நிரம்பிய பிறகு தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதையும் வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். 2011 ஜூலை 2 பெருமழைக்குப் பின் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையிலும் தெருவில் 10 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதை இலக்காக வைத்தார்கள். அதாவது, தண்ணீர் தெருவுக்கு வரும் என்பதை ஒப்புக்கொண்டு, எந்தத் தெரு வாய்க்காலாக வேலை செய்யும், எந்தப் பூங்கா குளமாக மாறும் என்று முன்கூட்டியே பிரித்தார்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 2013இல் திறந்த பெந்தம்பிளைன் சதுக்கம் வெயில் நாளில் விளையாட்டுத் திடல். மழையில் சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டி.

மண்ணைச் சோதிக்காமல் இறங்குவது

மேல்மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "நல்ல மண்தான்" என்று முடிவுகட்டுவது எங்கும் நடக்கிறது. தண்ணீர் உறிஞ்சப்பட வேண்டியது மேல்மண்ணில் இல்லை, குழியின் அடியில். எனவே சோதனையும் அந்த ஆழத்திலேயே நடக்க வேண்டும். குழியின் அடிமட்டம் வரை தோண்டி, அங்கே 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சிறு குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளக்க வேண்டும். காய்ந்த மண் முதல் தடவை கடகடவென்று குடிக்கும். அந்த அளவை எழுதிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இரண்டாம் தடவை கிடைக்கும் எண்ணையும் பாதியாக்கித்தான் வடிவமைப்பில் போட வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அடைப்பு ஏறும்.

மணிக்கு 12 மி.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அடியில் துளையிட்ட வடிகுழாய் வைக்காமல் விடாதீர்கள். 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் சிறு தோட்டத்துக்குப் போதும். அதன் ஒரு முனையை மண்ணுக்கு மேலே நிமிர்த்தி மூடி போட்டு வைத்தால், அடைத்துக்கொள்ளும்போது தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம். இந்த ஒரு முழக் குழாயை மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு தோட்டம் முழுவதையும் தோண்டிப் பார்க்கும் நிலை வருகிறது.

நிலத்தடி நீர்மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் இடையே 1 மீட்டராவது இருக்கட்டும். குறைந்தால் குழிக்குள் நீர் கீழிருந்து ஊறி வரும். கட்டடக் கடைக்காலிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். பெட்ரோல் நிலையம், வண்டிப் பட்டறை, ரசாயனக் கிடங்கு ஆகியவற்றின் முற்றத்து நீரை நிலத்துக்குள் இறக்கவே கூடாது.

இன்னொரு பிழை, கட்டும்போதே மண்ணை நசுக்கிவிடுவது. குழிக்குள் இயந்திரத்தை இறக்கி ஓட்டினால் அடிமண் கல்லாக இறுகும். மேலே எத்தனை உயர்ந்த கலவையைக் கொட்டினாலும் பயனில்லை. இயந்திரம் வெளியே நின்றபடியே கையை நீட்டித் தோண்ட வேண்டும். ஈரக் களிமண்ணை வாளியின் தட்டையான விளிம்பால் வழித்தால் சுவர் மெழுகியதுபோல் அடைபடும். அதனால் கலவையைப் போடுவதற்கு முன் அடியை 20 முதல் 30 செ.மீ. வரை கொத்திக் கிளறிவிட வேண்டும்.

கலவையிலும் வரிசையிலும் சறுக்குவது

களிமண் நிலத்தில் கொஞ்சம் மணலைக் கலந்தால் பொலபொலப்பாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கொஞ்ச மணல் சேர்ந்த களிமண் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். வடிகட்டும் கலவையில் பெரும்பங்கு மணலாகவே இருக்க வேண்டும். களியும் நுண்தூளும் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல்லுடைக்கும் இடத்தில் கழுவாமல் அள்ளிவரும் உடைமணலில் தூள் அதிகம் என்பதால் அலசிய மணலாகவே வாங்குங்கள். மக்கிய உரம் 10 சதவீதம் போதும். "செடி நன்றாக வரட்டும்" என்று கூடுதலாகப் போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் ஒவ்வொரு மழையிலும் கரைந்து, கீழே இருக்கும் குளத்தைப் பாசியாக்கும். நீரைச் சுத்தம் செய்ய வைத்த அமைப்பே நீரைக் கெடுக்கும் வேடிக்கை அது.

கலவைக்கும் கீழுள்ள ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரிப்பது பார்ப்பதற்கு முறையான வேலையாகத் தெரியும். நடைமுறையில் நுண்துகள்கள் அந்தத் துணியில் படிந்து அடைத்துக்கொள்கின்றன. துணிக்குப் பதிலாக 10 செ.மீ. கனத்தில் சிறு கூழாங்கல் அடுக்கு போடுங்கள். வடிகுழாயைத் துணியால் சுற்றுவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் காசைக் கரைப்பது வரிசை மாறுவதுதான். சாலையும் கட்டடமும் முடியும் முன்பே மழைத்தோட்டத்தை முடித்துவிடுகிறார்கள். சுற்றிலும் திறந்து கிடக்கும் மண் ஒரே மழையில் சேறாக வந்து கலவையின் மேல் படியும். சில மி.மீ. சேற்றுப் படலமே உறிஞ்சும் வேகத்தைக் குலைக்கப் போதுமானது. சுற்றுப்புறப் பரப்பெல்லாம் புல்லோ தளமோ மூடிய பிறகே கலவையை நிரப்ப வேண்டும். அதுவரை தண்ணீர் உள்ளே வரும் நுழைவாயை மணல்மூட்டையால் அடைத்து வைக்கலாம்.

மட்டத்தில் சில சென்டிமீட்டர்

தெரு ஓரத்து மழைத்தோட்டங்கள் சிலவற்றில் தண்ணீர் உள்ளே நுழைவதே இல்லை. சாலையோரக் கல்லில் வாய் வெட்டியிருக்கும். ஆனால் வாயின் அடி சாலையைவிட 1 செ.மீ. உயர்ந்திருக்கும். தண்ணீர் அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடும். வாய்க்கு அப்பால் தோட்டத்துப் பக்கம் 5 செ.மீ. இறக்கம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் சில மழைகளிலேயே இலையும் மண்ணும் வாயில் திட்டாகப் படிந்து அடைத்துவிடும். வாயின் அகலம் 45 செ.மீ. இருந்தால் நல்லது. நுழையும் இடத்தில் கல் பதித்த சிறு பள்ளம் ஒன்று விட்டால் சேறு அங்கேயே தங்கும். மண்வெட்டியால் அள்ளிப் போடலாம்.

நிரம்பிய நீர் வெளியேறும் வழிவாயின் மட்டமும் அப்படித்தான். அதை மண்ணோடு மண்ணாக வைத்தால் நீர் தேங்காமலே ஓடிவிடும், தோட்டம் வெறும் அலங்காரம். நுழைவாயைவிட உயர்த்தினால் தண்ணீர் சாலைக்கே திரும்பும். மண்மட்டத்துக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே, நுழைவாய்க்கு 5 செ.மீ.யாவது கீழே இருக்க வேண்டும். மேலே தட்டையான கம்பி மூடி போட்டால் ஒரு கை இலை விழுந்தாலே அடைபடும். குவிந்த மூடி போடுங்கள். மண்ணின் மேல் பரப்பும் லேசான மரப்பட்டை மூடாக்கு மிதந்துபோய் அங்கேதான் சேரும் என்பதால் நுழைவாய் அருகில் மூடாக்குக்குப் பதில் கூழாங்கல் நல்லது.

புல்வாய்க்காலில் சரிவு அதிகமானால் நீர் ஊறாமல் அரித்துக்கொண்டு ஓடும். 3 சதவீதச் சரிவில் 15 செ.மீ. உயரக் கல் தடுப்பு வைப்பதானால் 5 மீட்டருக்கு ஒன்று வேண்டும். கீழ்த்தடுப்பின் உச்சியும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டத்துக்கு வரும் கணக்கு இது. தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். மறந்தால் நீர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும்.

நீர் புகும் தளங்களில் கற்களின் இடுக்கில் வழக்கமான நுண்மணலை நிரப்பிவிடுவது தொழிலாளர்களுக்குப் பழகிப்போன கை. அங்கே 2 முதல் 5 மி.மீ. சிப்ஸ் ஜல்லிதான் போக வேண்டும். அடியில் தூளற்ற ஜல்லி 30 செ.மீ. இருந்தால், 40 சதவீதக் காலியிடத்தில் 120 மி.மீ. மழை அடங்கும். அந்தத் தளத்தின் மேல் கட்டட மணலைக் குவித்து வைத்தால் கதை முடிந்தது. பசுமைக்கூரைக்கு ஒரே எச்சரிக்கை: 10 செ.மீ. கனமுள்ள மண்கலவை முழுதாய் நனைந்தால் சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிலோ வரை எடை வரும். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் பழைய கூரையில் ஏற்றாதீர்கள்.

ஏரியை ஆழப்படுத்தினால் வெள்ளம் குறையும் என்று எண்ணுவது

தூர்வாரினால் நீர் சேமிப்பு கூடும். வெள்ளத் தடுப்பு கூடுமா என்பது வேறு கேள்வி. 10 ஹெக்டேர் ஏரியை 1 மீட்டர் ஆழப்படுத்தினால் 1 லட்சம் கன மீட்டர் கூடுதலாகப் பிடிக்கும். பருவத்தின் ஆரம்ப மழையிலேயே அது கலிங்கு (மிகுநீர் வழிந்தோடும் இடம்) மட்டம்வரை நிரம்பிவிட்டால், பிறகு பெருமழை வரும் நாளில் அந்த 1 லட்சத்தில் ஒரு சொட்டுக்கும் இடமில்லை. வந்தது வந்தபடியே கலிங்கில் வழியும். வெள்ளத்தை வாங்கிக்கொள்வது அன்றைய நீர்மட்டத்துக்கும் கலிங்குக்கும் இடையே உள்ள வெற்றிடம் மட்டுமே. அதே ஏரியில் மதகைத் திறந்து மழைக்கு முன் 50 செ.மீ. இறக்கி வைத்தால் 50,000 கன மீட்டர் கையில் இருக்கும். ஆகவே தோண்டுவதோடு நில்லாமல் இயங்கக்கூடிய மதகு, அதைத் திறக்கும் பொறுப்பாளர், திறந்த நீரைத் தாங்கும் போக்குக்கால்வாய் ஆகிய மூன்றும் திட்டத்தில் இருந்தாக வேண்டும்.

ஏரியைச் சுற்றி நடைபாதை போடுவதில் ஒரு விபரீதம் நடக்கிறது. பாதையைத் தரையைவிட உயர்த்திக் கட்டி, வரத்துக்கால்வாய் நுழையும் இடத்தில் குறுகலான ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். ஏரி பாதி காலியாகக் கிடக்க, பாதைக்கு வெளியே இருக்கும் தெரு மூழ்கும். கரையைச் செங்குத்தான கான்கிரீட் சுவராக்குவதும் வேண்டாம். ஆழமற்ற ஓரத்தில் வளரும் கோரையும் நாணலும்தான் நீரைச் சுத்தம் செய்கின்றன. கழிவுநீர் கலக்கும் வாய்க்காலை அடைக்காமல் சதுப்புநிலத்தை மீட்கத் தொடங்கினால் ஆகாயத்தாமரைதான் முதலில் மீளும்.

வெள்ளம் பரவ விட்டிருக்கும் பூங்காவில் மக்கள் நடமாட்டத்தையும் நினைக்க வேண்டும். சிங்கப்பூரின் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாயை 2012இல் வளைந்தோடும் ஆறாக மாற்றியபோது, நீர்மட்ட உணரிகளும் எச்சரிக்கை விளக்கும் சங்கொலியும் கூடவே வைத்தார்கள்.

செடியும் பராமரிப்பும்

மழைத்தோட்டம் என்றதும் நீர்ச்செடிகளை நடுகிறார்கள். தோட்டம் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் காய்ந்தே கிடக்கும். இரண்டு நாள் மூழ்கினாலும் இரண்டு வாரம் காய்ந்தாலும் தாங்கும் ஆழவேர்ப் புற்களும் புதர்களும் அடியில் இருக்கட்டும். வேர் பிடிக்கும்வரை, முதல் ஆண்டு தண்ணீர் விட்டே ஆக வேண்டும்.

ஆண்டுதோறும் பழைய மூடாக்கை அள்ளாமல் புதிதாக 5 செ.மீ. கொட்டிக்கொண்டே போனால், மட்காத மூடாக்கு மூன்று ஆண்டில் 15 செ.மீ. பள்ளத்தையும் தின்றுவிடும். தோட்டம் செழிப்பாக இருக்கும், தண்ணீர் மட்டும் நிற்காது. பூங்காப் பணியாளர்கள் "பள்ளமாக இருக்கிறதே" என்று மண் நிரப்பிச் சமன் செய்துவிடுவதும் உண்டு. அங்கே பள்ளம் வேண்டுமென்றே விட்டது என்று ஒரு பலகையாவது வைக்க வேண்டும்.

கொசுவுக்குப் பயந்து பலர் மறுக்கிறார்கள். முட்டை கொசுவாக வழக்கமாக 7 முதல் 10 நாள் ஆகும். 48 மணி நேரத்தில் வற்றும் தோட்டத்தில் அது நடக்காது. வற்றுகிறதா என்று பார்ப்பதற்கு, தோட்டத்து நடுவில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட குச்சி ஒன்றை நட்டு வையுங்கள். கனமழை நின்றதும் ஒருமுறை, 24 மணி நேரம் கழித்து ஒருமுறை, 48 மணி நேரம் கழித்து ஒருமுறை மட்டத்தை எழுதுங்கள். 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால், முதலில் வடிகுழாயின் நிமிர்ந்த முனையைத் திறந்து பாருங்கள். குழாயிலும் தண்ணீர் நின்றால் அடைப்பு வெளியேறும் பக்கம். குழாய் காலியாக இருந்து மேலே மட்டும் நின்றால் மேற்பரப்பில் சேற்றுப் படலம் இருக்கிறது. மேலே 5 செ.மீ. மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு அலசிய மணல் கலவையை அதே அளவுக்கு நிரப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.