மிலான்ல கோட்டை, ஆர்ட் கேலரி பாக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மிலான் போற முக்கால்வாசிப் பேர் டுவோமோ கதீட்ரல் முன்னாடி ஒரு போட்டோ, பக்கத்து ஷாப்பிங் ஆர்கேட்ல ஒரு சுத்து, சாயங்காலம் வெனிஸுக்கு ட்ரெயின்னு போனோமா வந்தோமான்னு முடிச்சிடுறாங்க. அதுக்கு நடுவுல ஒரு அரை நாள்ல கோட்டையும் பெயின்டிங்கும் பாத்துடலாம்னு நினைக்கிறவங்கதான் நல்லா மாட்டுறாங்க, ஏன்னா இந்த ஊர்ல பாக்க வேண்டியதெல்லாம் கதவுக்கு உள்ள இருக்கு, எந்தக் கதவு என்னைக்குத் திறக்கும்னு பாக்காம போனா சுவத்தப் பாத்துட்டு வர வேண்டியதுதான்.

முதல்ல கிழமை. திங்கக்கிழமை ஸ்ஃபோர்ஸா கோட்டைக்குள்ள இருக்கிற மியூசியங்கள், பிரேரா கேலரி, டாவின்சி சுவத்துல வரைஞ்ச லாஸ்ட் சப்பர் பெயின்டிங், மூணும் லீவு. கோட்டை முற்றம் மட்டும் திறந்தே கிடக்கும், அதனால உள்ள போறவரைக்கும் விஷயமே தெரியாது. உங்க டிரிப்ல மிலானுக்கு திங்கக்கிழமைதான் அமையுதுன்னா அம்ப்ரோசியானாங்கிற ஆர்ட் கேலரிக்குப் போங்க, அவங்களுக்கு புதன்தான் லீவு. கரவாஜ்ஜியோவோட பழக்கூடை பெயின்டிங் அங்கதான் இருக்கு. ஆப்பிள்ல புழு அரிச்ச ஓட்டை, காஞ்சு சுருங்கிப்போன இலை எல்லாத்தையும் மறைக்காம வரைஞ்சிருப்பார், கிட்ட போய்ப் பாருங்க. ரஃபேல் வாடிகன் சுவத்துல வரையறதுக்கு முன்னாடி அதே சைஸுக்குப் போட்டுப் பாத்த பெரிய ஸ்கெட்ச்சும் இங்கதான்.

அடுத்தது லாஸ்ட் சப்பர். "அங்க போய் டிக்கெட் எடுத்துக்கலாம்"னு ஒருத்தர் சொன்னா நம்பாதீங்க. முன்கூட்டியே புக் பண்ணாம உள்ள விடவே மாட்டாங்க, அஃபிஷியல் சைட்ல சில மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா ரிலீஸ் பண்ணுவாங்க, நல்ல ஸ்லாட்டெல்லாம் வேகமா போயிடும். அதனால ஃப்ளைட் புக் பண்ணின கையோட இத முடிங்க, முடிஞ்சா இந்த ஸ்லாட்ட வெச்சே மத்த நாள பிளான் பண்ணுங்க. கிடைக்கலன்னா கைடட் டூரோட சேந்த டிக்கெட்ட பாக்கலாம், விலை ஏறும், ஆனா உருப்படியான வழி அது. லேட்டா போனா ஸ்லாட் போச்சு, கெஞ்சினாலும் நடக்காது.

உள்ள 15 நிமிஷம்தான். ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, டாவின்சி 1495ல இருந்து 1498 வரைக்கும் இத ஈர சுண்ணாம்புல வரையாம காஞ்ச சுவத்துல வரைஞ்சிட்டார், நிதானமா திருத்தித் திருத்தி வரையணும்னு ஆசை, ஆனா பெயின்ட் சுவத்துல பிடிக்காம அவர் காலத்துலயே உரிய ஆரம்பிச்சிடுச்சு. அது போதாதுன்னு 1652ல ஒரு கதவு வைக்கறதுக்காக நடுவுல இடிச்சு ஏசுவோட பாதத்தையே காணாம ஆக்கிட்டாங்க. கடைசியா நடந்த ரெஸ்டோரேஷனே 1978ல ஆரம்பிச்சு 1999லதான் முடிஞ்சுது. அதனால அந்த 15 நிமிஷத்துல பத்து நிமிஷம் போன்ல ஜூம் பண்ணிட்டு இருக்காதீங்க, நல்ல போட்டோ நெட்ல ஆயிரம் இருக்கு.

இப்ப கோட்டை. முற்றத்துல காத்து வாங்கிட்டு, ஃபவுன்டன் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு, பின்னாடி இருக்கிற பார்க்ல உக்காந்துட்டு "கோட்டை பாத்தாச்சு"ன்னு கிளம்புறதுதான் இங்க பெரிய தப்பு. முற்றம் ஃப்ரீ, மியூசியத்துக்குத்தான் டிக்கெட். முன்னாடி நிக்கிற உயரமான டவர எல்லாரும் மிலான ஆண்ட ஸ்ஃபோர்ஸா குடும்பத்து காலத்துதுன்னு நினைச்சு போட்டோ எடுப்பாங்க, நிஜமான டவர் 1521லயே வெடிமருந்து வெடிச்சு விழுந்துடுச்சு, இப்ப இருக்கிறது 1900களோட ஆரம்பத்துல திரும்பக் கட்டினது. நல்லாத்தான் இருக்கு, ஆனா பழசு இல்ல.

உள்ள ஒண்ணு ரெண்டு மியூசியம் இல்ல, சிற்பம், பெயின்டிங், ஃபர்னிச்சர், இசைக்கருவின்னு வரிசையா போயிட்டே இருக்கும். எல்லாத்தையும் பாத்தே தீருவேன்னு கிளம்புனா நாக்கு தள்ளிடும், கடைசில எதுவுமே மனசுல நிக்காது. மெயின் கேட்ல நுழைஞ்சதும் இடது பக்கம் தனி ஹால்ல மைக்கேலாஞ்சலோவோட ரொண்டனினி பியெட்டா, அதாவது இறந்த ஏசுவ அம்மா மேரி தாங்கிப் பிடிச்சிருக்கிற சிலை இருக்கு, கால் ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே அங்க போயிடுங்க, நேரா பின்னாடி போறவங்க பலபேர் இத விட்டுடுறாங்க. 1564ல சாகறதுக்கு சில நாள் முன்னாடி வரைக்கும் அவர் செதுக்கிட்டு இருந்த சிலை இது, முடிக்கல. பக்கத்துல உடம்போட ஒட்டாம ஒரு கை மட்டும் பளபளன்னு தனியா நிக்கும், அது பழைய டிசைன்ல இருந்து மிச்சமானது, மனசு மாறி மத்தத உடைச்சு மறுபடி செதுக்கியிருக்கார். நுழைஞ்சதும் சிலையோட முதுகுதான் தெரியும், அது வேணும்னே வெச்சது. முழுசா ஒரு சுத்து சுத்துங்க, பின்னாடி இருந்து பாத்தா மகன்தான் அம்மாவ முதுகுல சுமக்கிற மாதிரி இருக்கும்.

டாவின்சி சீலிங் முழுக்க மரம் வரைஞ்ச சாலா டெல்லே அஸ்ஸே ரூம் ரெஸ்டோரேஷனுக்காக அடிக்கடி மூடியே இருக்கும். அத நம்பி மட்டும் கோட்டைக்குப் போகாதீங்க.

பிரேரால முற்றத்துல நிக்கிற நெப்போலியன் சிலையோட திரும்பிடாதீங்க, கேலரி மாடில. பெரிய பெரிய சாமி படம் நிறைய வரும், ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னா கடைசி ரூம்கள்ல இருக்கிற ஹாயெஸோட 'கிஸ்' பெயின்டிங் வரும்போது கால் கடுத்து பெஞ்ச் தேடுவீங்க. மான்டெக்னாவோட இறந்த கிறிஸ்து, ரஃபேலோட கன்னி மேரி கல்யாணம், இது ரெண்டுக்கும் நேரம் ஒதுக்குங்க, மத்தத நடந்துட்டே பாத்தாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது. மாசத்தோட முதல் ஞாயிறு ஃப்ரீங்கிறதுக்காக அன்னைக்கே போகணும்னு இல்ல, கூட்டத்துல தலைதான் தெரியும்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம்தான். பெரிய பேக்பேக்க ரூம்லயே வெச்சிட்டுப் போங்க, சர்ச்சுக்குள்ள போறதா இருந்தா தோளும் முட்டியும் மூடின டிரெஸ் போடுங்க, மெட்ரோல ஆளுக்கு ஒரு பேங்க் கார்டா டேப் பண்ணுங்க. கோட்டை வாசல்ல, டுவோமோ பக்கத்துல, "கிஃப்ட், ஃப்ரீ"ன்னு சிரிச்சுட்டே கைல கயிறு கட்ட வருவாங்க, கட்டிட்டா காசு கேப்பாங்க, கைய பாக்கெட்ல விட்டுட்டு நடந்துடுங்க.